தோலுக்குள் குடியிருப்பது

1893ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜூல் எமில் பெயான் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்துச் சிதைத்திருந்த ஒரு தோள்மூட்டை அகற்றிவிட்டு அங்கே செயற்கை மூட்டு ஒன்றைப் பொருத்தினார். பிளாட்டினத் தண்டும் இறுகவைத்த ரப்பர் உருண்டையுமாகச் செய்யப்பட்ட அந்தக் கருவியைத்தான் தோளுக்கென்று பொருத்தப்பட்ட முதல் செயற்கை மூட்டாக மருத்துவ வரலாறு கணக்கில் வைத்திருக்கிறது. கையை வெட்டியெடுக்க நோயாளி சம்மதிக்காததால் பிறந்த வழி அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது உடலுக்குள் இருந்தது. தொற்று அடங்காமல் சீழ் வடிந்துகொண்டே இருந்ததால் கடைசியில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு உலோகங்கள் மாறின, மூட்டின் வடிவம் மாறியது, எதிருயிரி மருந்துகள் வந்தன. இன்று தோள்மூட்டு மாற்று சிகிச்சை பெறும் நூறு பேரில் ஒருவர் இருவருக்கே ஆழமான தொற்று ஏற்படுகிறது. ஆனால் அந்த ஒருவர் இருவருக்கு நேர்வது இன்றும் அதுதான்: பொருத்தியதைக் கழற்றுவது, மாதக்கணக்கில் மருந்து, பல வேளைகளில் மீண்டும் ஓர் அறுவை, முன்பைவிடக் குறைவாகவே உயரும் ஒரு கை. இந்தத் தொற்றில் பெரும்பங்கு நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே வருகிறது. அறுவைக்கு முன்பே தோலிலுள்ள கிருமியைக் குறைக்க எளிய வழியொன்று இருக்கிறது. அந்த வழி தொற்றை நிச்சயம் தடுக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவப்படாத ஒன்றைச் செய்யலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வரும் பாதை முடிவைவிட முக்கியமானது என்று கருதுகிறேன்.

முதலில் கிருமியைப் பார்க்கலாம். அதன் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ். முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படுவது. பெரியவர்கள் எல்லோருடைய தோலிலும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் செழித்து, தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. அதனால் அது விரும்பும் இடம் தோலின் மேற்பரப்பு அல்ல. மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் சேர்ந்திருக்கும் குழி. முகம், மார்பு, மேல்முதுகு, தோள் ஆகியவற்றில் இந்தச் சுரப்பிகள் அதிகம். முழங்காலிலும் இடுப்பிலும் குறைவு. எண்ணெய்ச் சுரப்பை ஆண் ஹார்மோன்கள் தூண்டுவதால் ஆண்களின் தோளில் கிருமியும் கூடுதல். இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவைகளில் அவ்வளவாகத் தலைகாட்டாத இந்தக் கிருமி, தோள் அறுவைத் தொற்றுகளில் முன்னணியில் நிற்பதற்கு இதுவே காரணம். தோலில் வந்துபோகும் கிருமிகள் வேறு, நிலையாகக் குடியிருப்பவை வேறு என்று பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1938இலேயே கழுவிக் கழுவி எண்ணிக் காட்டினார். வந்துபோகும் கிருமிகள் தேய்த்துக் கழுவினால் போய்விடும். குடியிருப்பவை எளிதில் போவதில்லை, போனாலும் திரும்பிவிடுகின்றன. தோளைப் பொறுத்தவரை நம் எதிரில் இருப்பது இந்த இரண்டாம் வகை.

இந்தக் கிருமி உண்டாக்கும் நோயும் நாம் தொற்று என்றதும் நினைப்பதைப் போல இருப்பதில்லை. காய்ச்சல் வராது. காயம் சிவக்காது, வீங்காது. இரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அடையாளங்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அறுவை நடந்து பல மாதங்களுக்குப் பின்பு, சில நேரம் ஆண்டுகளுக்குப் பின்பு, தோளில் காரணம் தெரியாத வலி, இறுக்கம், பொருத்திய மூட்டு தளர்வது என்று மெல்ல வெளிப்படும். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கவும் அவசரம் உதவாது. வழக்கமாக ஐந்து நாளில் முடித்துவிடும் பரிசோதனையை இரண்டு வாரம் வரை நீட்டித்தால்தான் பல நேரம் அது கண்ணில் படும். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு படலத்தை அமைத்துக்கொண்ட பிறகு, எதிருயிரி மருந்தும் உடலின் காவல் செல்களும் அதை நெருங்குவது கடினம். ஆகவே இந்த நோயில் சிகிச்சையைவிடத் தடுப்புக்குப் பல மடங்கு மதிப்பு. 1957இல் எலெக், கோனென் என்ற இருவர் செய்த புகழ்பெற்ற சோதனை ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. ஆரோக்கியமான தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி சீழ்க்கட்டியை உண்டாக்கப் பல லட்சக்கணக்கில் செலுத்தப்பட வேண்டியிருந்தது. அதே தோலில் ஒரு பட்டுத் தையல்நூல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. கிருமி வேறு என்றாலும் அந்தச் சோதனை காட்டிய விதி பொதுவானது: உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று இருக்கும்போது, உடல் தாங்கக்கூடிய கிருமி எண்ணிக்கை பாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. எண்ணிக்கையைக் குறைப்பது வெறும் தூய்மைச் சடங்கு அல்ல என்பதற்கு இதுவே அடிப்படை.

அறுவை அரங்கில் தோலைத் தயார்செய்யும் வழக்கம் இந்த எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கிறது? சிகாகோவில் சால்ட்ஸ்மனும் சகாக்களும் 150 நோயாளிகளை வைத்து மூன்று கரைசல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். போவிடோன் அயோடின் பூசிய பின்பும் 31 சதவீதத்தினரின் தோலில் ஏதேனும் ஒரு கிருமி வளர்ந்தது. அயோடினும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைசலில் இது 19 சதவீதம். குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைசலில் 7 சதவீதம். மொத்தக் கணக்கில் மூன்றாவதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் பேசும் கிருமியை மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்றுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சிறந்த கரைசலையே சியாட்டிலில் ஃபிரெடெரிக் மாட்சனின் குழு வேறு விதமாகச் சோதித்து 2014இல் வெளியிட்டது. ஆரோக்கியமான பத்து ஆண்களின் மேல்முதுகில் அதைப் பூசிவிட்டு, தோலின் மேற்பரப்பை ஒற்றி எடுப்பதோடு நிற்காமல் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டு உள்தோலையே எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேரிடம் கிருமி உயிரோடு இருந்தது. வாசலைக் கழுவினால் அடுக்களை சுத்தமாகிவிடாது. அறுவைக் கத்தி வெட்டிச் செல்வது அந்த உள்தோலின் வழியாகத்தான்; வெட்டுப்பட்ட ஒவ்வொரு சுரப்பியும் தன்னிடம் உள்ளதைக் காயத்தின் விளிம்பில் கொட்டுகிறது. முதன்முறையாகத் தோள்மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் அறுவையின்போதே மாதிரி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் காயத்தில் இந்தக் கிருமி கிடைத்தது. அதிகமாகக் கிடைத்த இடம் தோலுக்குச் சற்றே கீழுள்ள அடுக்கு.

வீட்டிலேயே குளோர்ஹெக்சிடின் கொண்டு குளித்துவிட்டு வரச் சொல்வது இன்னொரு வழக்கம். பெரும்பாலான கிருமிகளை அது குறைக்கிறது. கியூட்டிபாக்டீரியத்தை மட்டும் குறைப்பதில்லை என்று பின்வந்த ஆய்வு காட்டியது. அக்குள் முடியைக் களைந்தாலும் இந்தக் கிருமியின் அளவு குறையவில்லை. இவற்றைச் சொல்வது பழைய முறைகளைக் குறைகூற அல்ல. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு எதிராக அவை தேவை. அவற்றைக் கைவிடச் சொல்பவர் யாரும் இல்லை. ஆனால் மேற்பரப்பைக் குறிவைத்து உருவான முறைகள், எண்ணெய்க் குழிக்குள் வாழும் ஒன்றிடம் தோற்பதில் வியப்பில்லை. அப்படியானால் எண்ணெய்க்குள் கரைந்து இறங்கக்கூடிய பொருள் வேண்டும். ஆக்சிஜனுக்கு அஞ்சும் கிருமிக்கு ஆக்சிஜனையே கொண்டுபோய்க் கொடுக்கும் பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒன்று பல பத்தாண்டுகளாக மருந்துக் கடைகளில் முகப்பருவுக்கு விற்கப்படுகிறது: பென்சாயில் பெராக்சைடு. கொழுப்பில் கரையும் தன்மையால் மயிர்க்குழிக்குள் செல்கிறது. அங்கே சிதையும்போது வெளிப்படும் வீரியமான ஆக்சிஜன் துணுக்குகள் கிருமியின் புரதங்களைத் தாக்குகின்றன. ஒரே ஓர் இலக்கைத் தாக்கும் எதிருயிரி மருந்தைப் போலல்லாமல் கண்டபடி எல்லாவற்றையும் சிதைப்பதால், இதற்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி வகை இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் அறியப்படவில்லை.

முகப்பரு மருந்தைத் தோள் அறுவைக்குக் கொண்டுவரும் யோசனை கடந்த பத்தாண்டில்தான் சோதனைக்கு வந்தது. 2017, 2018ஆம் ஆண்டுகளிலிருந்து அமெரிக்காவிலும் சுவீடனிலும் நெதர்லாந்திலும் வெளிவந்த ஆய்வுகள், அறுவைக்கு முந்தைய சில நாட்கள் ஐந்து சதவீதக் களிம்பைத் தோளில் பூசினால் தோலில் இந்தக் கிருமி தெளிவாகக் குறைவதைக் காட்டின. சுவீடனின் ஷேர் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தோலைக் கீறும் நேரத்தில் தொடங்கி காயத்தை மூடும் நேரம்வரை மாதிரிகள் எடுக்கப்பட்டன. களிம்பு பூசியவர்களிடம் கடைசிவரை கிருமி குறைவாகவே இருந்தது. இந்த ஆய்வுகளுக்கு நேர்மாறாகப் பேசும் ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாட்சனின் குழு 2020இல் வெளியிட்ட சோதனையில் பென்சாயில் பெராக்சைடு கலந்த சோப்பும் குளோர்ஹெக்சிடினும் ஒப்பிடப்பட்டன. இரண்டுமே கிருமியை அகற்றவில்லை. முரண்பாடாகத் தோன்றும் இது உண்மையில் ஒரு பாடம் என்றே நான் படிக்கிறேன். சோப்பு சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடுகிறது. களிம்பு மணிக்கணக்கில் தோலிலேயே தங்குகிறது. ஆழத்தில் இருப்பதை எட்ட மருந்தின் பெயர் போதாது, அது அங்கே இறங்குவதற்கான அவகாசமும் வேண்டும். பூசிய களிம்பும் கிருமியைக் குறைக்கிறதே தவிர அறவே ஒழிப்பதில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்போது மிக வலிமையான மறுப்புக்கு வரலாம். இதுவரை சொன்ன சான்று எல்லாம் கிருமியின் எண்ணிக்கையைப் பற்றியது. நோயாளிக்கு வேண்டியது தொற்றில்லாத தோள். இரண்டும் ஒன்றல்ல. மூன்றில் ஒரு பங்கினரின் காயத்தில் கிருமி இருந்தும் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் தொற்று வருகிறது என்றால், கிருமிக்கும் நோய்க்கும் நடுவே நாம் அறியாத வேறு பல காரணங்கள் நிற்கின்றன. சால்ட்ஸ்மனின் ஆய்வில் மூன்று கரைசல்களுக்கும் இடையே கிருமி எண்ணிக்கையில் அத்தனை வேறுபாடு இருந்தும், 150 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. மருத்துவ வரலாற்றில், இடைநிலை அளவீடு ஒன்றைச் சீர்செய்தும் நோயாளிக்கு ஒரு நன்மையும் கிட்டாத நிகழ்ச்சிகள் ஏராளம். இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அது கேட்கும் சான்று எப்படிப்பட்டது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற தொற்று விகிதத்தை ஒரு மருந்து பாதியாக்குகிறதா என்று வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் உறுதிசெய்ய, இரு பிரிவுகளிலும் சேர்த்து 9,000 பேருக்கு மேல் வேண்டும். தாமதமாக வெளிப்படும் நோய் என்பதால் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரவும் வேண்டும். காப்புரிமை இல்லாத, சில்லறை விலையில் கிடைக்கும் ஒரு களிம்புக்காக அப்படியொரு சோதனைக்குப் பணம் போட யாருக்கும் வணிகக் காரணம் இல்லை. ஆகவே அதுவரை பொறுத்திருப்போம் என்பது நடுநிலை போலத் தோன்றினாலும், நடைமுறையில் வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான்.

என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. ஒரு செயலுக்கு எவ்வளவு சான்று கேட்க வேண்டும் என்பது, அந்தச் செயல் தவறாகிப்போனால் என்ன இழப்போம் என்பதைப் பொறுத்தது. எல்லாச் செயலுக்கும் ஒரே அளவு சான்று கேட்பது கண்டிப்பு போலத் தெரியும். உண்மையில் அது எடைபோட மறுப்பது. டாக்சிசைக்ளின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முகப்பரு மருந்துதான். இதே கிருமிக்கு எதிரானதுதான். அறுவைக்கு முன்பு சில நாட்கள் விழுங்கக் கொடுத்தால் தோலில் கிருமி குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. சோதித்தபோது அது குறைக்கவில்லை. அது குறைத்திருந்தாலும்கூட, தொற்று குறைந்ததற்கான நேரடிச் சான்று இல்லாமல் ஆயிரக்கணக்கானோருக்கு அதைக் கொடுக்க நான் உடன்பட மாட்டேன். ஏனெனில் உடல் முழுவதும் பரவும் எதிருயிரி மருந்து குடலின் கிருமிகளையும் குலைக்கும், எதிர்ப்புத் திறனை வளர்க்கும். அந்த விலையை நோயாளி மட்டும் அல்ல, ஊரே கொடுக்கும். தோலின் மேல் சில நாள் பூசும், எதிர்ப்புத் திறனை வளர்க்காத, விலை மலிந்த களிம்பின் எதிர்ப்பக்கத் தட்டில் அத்தகைய எடை இல்லை. ஆகவே அதற்கு உயிரியல் நியாயமும், கிருமி குறைகிறது என்ற நேரடி ஆய்வும், தீங்கு சிறியது என்ற நெடுநாள் அனுபவமும் போதும். கிருமி எண்ணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வயிறு, மார்பு முதலான வேறு வகை அறுவைகளில் 849 நோயாளிகளைக் கொண்டு 2010இல் வெளிவந்த சோதனையில், தோலுக்குப் போவிடோன் அயோடின் பூசியவர்களில் 16.1 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் அது 9.5 சதவீதம். தோளுக்கு அந்த எண்களை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனாலும் தோலில் செய்வது உள்ளே எதிரொலிக்கும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இந்தக் கிருமி பகைவன் அல்ல. நம்மோடு வாழும் துணை. தோலின் கொழுப்பைச் சிதைத்து அமிலங்களை வெளியிட்டு, அபாயமான பிற கிருமிகள் வேரூன்றாமல் தடுப்பதில் அதற்குப் பங்குண்டு. அதை அழிக்கப் புறப்படுவது எல்லா நுண்ணுயிரையும் எதிரியாகப் பார்க்கும் பழைய மனநிலைக்குத் திரும்புவது ஆகாதா? இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. நித்தமும் உடலைக் கிருமிநாசினியால் கழுவச் சொல்பவர்களுக்கு எதிராக நானும் இதையே சொல்வேன். ஆனால் நன்மையும் தீமையும் கிருமியின் பிறவிக் குணங்கள் அல்ல. அது எங்கே இருக்கிறது என்பதே இரண்டையும் தீர்மானிக்கிறது. மயிர்க்குழிக்குள் துணையாக இருப்பது, உலோகத் தண்டின் மேல் படிந்துவிட்டால் நோயாகிறது. அந்த இடமாற்றத்தை நிகழ்த்துவது கிருமி அல்ல, நம் கத்தி. அதனால் பொறுப்பும் நம்முடையது. சில நாட்கள், ஒரு தோளில் மட்டும், தேவை முடிந்ததும் நின்றுவிடும் ஒரு குறைப்பு, உயிர்ச்சூழலின் மேல் தொடுக்கும் போர் ஆகாது. குடியிருப்பவை எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று பிரைஸின் காலத்திலிருந்தே தெரியும். ஒழித்தல் என்ற கனவைக் கைவிட்டுக் குறைத்தல் என்ற அளவில் நின்றுகொள்வதுதான் இந்த முறையின் நிதானம்.

தீங்கு சிறியது என்று சொல்லும்போது அது இல்லவே இல்லை என்று பொருளாகாது. பென்சாயில் பெராக்சைடு சிலருக்குத் தோலை வறட்டும், சிவக்கவைக்கும், உரியச் செய்யும். அரிதாக ஒவ்வாமையும் உண்டு. சாயத்துணியையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். அறுவை நாளில் எரிச்சல் கண்ட தோலோடு வருவது தொற்றுக்கு இடம் தரும் என்பதால், எரிச்சல் தோன்றியவுடன் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லும்படி முன்பே அறிவுறுத்த வேண்டும். இன்னொன்று: வெப்பத்தில் இந்தப் பொருள் சிதைந்து பென்சீன் உண்டாகலாம் என்ற கவலை 2024இல் எழுந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. சில தயாரிப்புகள் மட்டும் திரும்பப் பெறப்பட்டன. மாதக்கணக்கில் முகத்தில் பூசுபவருக்கும் சில நாள் தோளில் பூசுபவருக்கும் அபாயம் ஒன்றல்ல. ஆயினும் வெயில் கடுமையான ஊர்களில் காலாவதி நாளைப் பார்த்து வாங்குவதும், வெப்பம் படாத இடத்தில் வைப்பதும் சிறிய எச்சரிக்கைகள் அல்ல.

நடைமுறை பற்றிய மறுப்பை நான் எல்லாவற்றையும்விடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான தோல் தயாரிப்பு மருத்துவமனைக்குள், பயிற்சி பெற்ற கைகளால் நடக்கிறது. இந்தக் களிம்பை நோயாளி வீட்டில் பூசிக்கொள்ள வேண்டும். தோள்மூட்டு தேய்ந்து கையை உயர்த்த முடியாமல் தவிக்கும் ஒருவரிடம், தோளின் பின்புறத்திலும் அக்குளிலும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளை நீட்டுவது மருத்துவம் ஆகாது. தனியாக வாழும் முதியவருக்கு அதைப் பூசிவிட யாருமில்லை என்றால் என்ன செய்வது? பிறகு தொற்று வந்தால், சொன்னபடி பூசவில்லை என்று நோயாளியின் மேல் பழி விழும் அபாயமும் இருக்கிறது. இந்த மறுப்புக்குப் பதில் முறையைக் கைவிடுவதல்ல, முறையை முழுமையாக்குவது. பூசவேண்டிய பரப்பை வாயால் சொல்வதோடு விடாமல் தொட்டுக் காட்ட வேண்டும். பூசிவிடப்போகும் உறவினரையும் அழைத்துச் சொல்ல வேண்டும். யாரும் இல்லாதவருக்குச் செவிலியர் வழியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பூசவில்லை என்று ஒருவர் அறுவை நாளில் உண்மையைச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டுமே தவிரக் கடிந்துகொள்ளக் கூடாது. களிம்பு பூசியாகிவிட்டது என்ற நிம்மதியில் அரங்கில் செய்யும் தோல் தயாரிப்போ, கீறலுக்கு முன் தரவேண்டிய எதிருயிரி ஊசியோ, அறுவையின் வேகமும் ஒழுங்குமோ தளர்ந்துவிடவும் கூடாது. இது அவற்றோடு சேரும் ஒன்று. அவற்றுக்குப் பதிலாக வருவது அல்ல.

ஒன்றைச் செய்யத் தொடங்குவதற்கும் அதைக் கேள்வி கேட்பதை நிறுத்துவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சான்று முழுமையடையாத ஒரு நடைமுறையை ஏற்பவர்களுக்கு, ஏற்காதவர்களைவிடக் கூடுதல் கடமை இருக்கிறது. யாருக்குப் பூசினோம், எத்தனை நாள் பூசினோம், எத்தனை பேருக்குத் தோல் எரிச்சல் கண்டது, ஆண்டுகள் கழித்து எத்தனை தோள்கள் தொற்றால் திரும்பி வந்தன என்று பதிந்துவைக்க வேண்டும். பல நாடுகள் மூட்டு மாற்று அறுவைகளுக்குத் தேசியப் பதிவேடு வைத்திருக்கின்றன. தனியொரு சோதனையில் திரட்ட முடியாத 9,000 பேரை அத்தகைய பதிவேடுகளில் திரட்ட முடியும். அப்போது கிடைக்கும் விடை இந்த முறைக்கு எதிராகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அதைக் கைவிடுவதில் தயக்கம் கூடாது. இன்றைய நிலையில், தெரிந்ததை வைத்து எடைபோட்டால், களிம்பைப் பூசச் சொல்வதற்கான நியாயம் சொல்லாமல் விடுவதற்கான நியாயத்தைவிடக் கனமாக இருக்கிறது. நோயாளியிடம் அதை அதே அளவில் சொல்ல வேண்டும்: இது கிருமியைக் குறைக்கிறது என்பது தெரியும், தொற்றைத் தடுக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது, உறுதி இல்லை. இந்த மூன்றையும் கேட்டுப் புரிந்துகொண்டு தீர்மானிக்கும் திறன் நோயாளிக்கு உண்டு என்று நம்புவதும் நல்ல மருத்துவத்தின் பகுதியே.